பொன்னுரங்கத்தின் போர்வை மூட்டை

வெள்ளிமலையில் பேருந்தை விட்டு இறங்கியதுமே பொன்னுரங்கம் அப்படியே நின்றுவிட்டார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போன பெண், ஜீப்புக்குக் காத்திருந்த பெரியவர் என்று கண்ணில் பட்டவர்கள் எல்லாரும் ஒரே நீலத்தில் புத்தம்புதுப் போர்வை போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் மஞ்சள் எழுத்தில் இருந்தது.

அவர் தலையில் இருந்த மூட்டையிலும் போர்வைகள்தான்.

"இன்னாப்பா விசேஷம்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"ஒனக்குத் தெரியாதா? கடை தொறந்து இருவத்தஞ்சு வருசம் ஆச்சாம். மொதலாளி லாரில ஏத்திக்கினு வந்து, மலை பூரா வூட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. இந்த வருசம் வெள்ளாமையும் கம்மி. நல்ல மனுசன்யா."

பொன்னுரங்கம் டீ குடிக்காமலே நடந்தார்.

வடக்கனந்தலில் நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் கரும்பு வெட்டினார். ஒருநாள் கத்தி தவறி இறங்கியதில் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. கத்திப் பிடி கையில் நிற்கவில்லை. தலையும் கால்களும் மிச்சம் இருந்தன. அவற்றை வைத்துத் துணி மூட்டை வியாபாரம் தொடங்கினார். கீழே ஊருக்கு ஊர் கடை இருக்கிறது. அதனால் மலைக்கு ஏறினார்.

மலையில் வியாபாரம் வேறு மாதிரி. "அடுத்த மார்கழிக்கு ஒரு போர்வ எடுத்தாந்துடு" என்று சொல்வார்கள். அந்த வாய்ச்சொல்தான் எல்லாம். முன்பணம் கிடையாது, எழுத்து கிடையாது. அடுத்த மார்கழியில் இவர் போர்வையைக் கொடுத்தால் அவர்கள் சாமையைக் கொடுப்பார்கள். அதைச் சின்னசேலத்துக்குக் கொண்டுபோய் விற்பார். போன வருடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தையை நம்பி, வளர்த்த ஆடுகளை எல்லாம் விற்றுப் போர்வை எடுத்திருந்தார். மனைவி கமலா வெறும் பட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றது ஏறும் வழியெல்லாம் நினைவுக்கு வந்தது. முகம் தெரியாத அந்த முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தார். குளிரில் நடுங்குகிறவனுக்குப் போர்வை கொடுத்தவனை எந்த வாயால் திட்டுவது என்றும் தெரியவில்லை. அதனால் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

போர்வைக்குச் சொல்லி அனுப்பிய ஊரின் எல்லையில், குடிசை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இருசப்பன் அவரைப் பார்த்ததும் கூவினார்.

"ஏ பொண்ணுங்களா, போர்வக்காரன் வர்றான்! போர்வைய எல்லாம் எடுத்து ஒளிச்சு வைங்கடி!"

சிரிப்புச் சத்தம் எழுந்தது. பொன்னுரங்கமும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இருசப்பன் தனிக்கட்டை. காடு கழனியை எப்போதோ இழந்தவர். எத்தனையோ குளிர்காலம் சாக்கைப் போர்த்திப் படுத்ததைப் பொன்னுரங்கம் பார்த்திருக்கிறார். ஒரு போர்வைக்குச் சொல்லவும் அவருக்கு வழி இருந்ததில்லை. சும்மா கொடுக்க இவருக்கும் மனசு வந்ததில்லை. இப்போது கிழவர் நீலப் போர்வைக்குள் கழுத்து வரை புதைந்து கிடந்தார்.

"தூங்கறேன் தம்பி. விடிஞ்சது தெரியாம தூங்கறேன். அந்தப் புண்ணியவான் யாரோ."

அதோடு பொன்னுரங்கம் திட்டுவதை நிறுத்தினார். ஆனால் மூட்டை இறங்கிவிடவில்லையே.

வருடாவருடம் அவரிடம் போர்வை வாங்கும் ராஜாம்பாள் வீட்டு வேலியிலும் நீலப் போர்வை காய்ந்தது. அவள் எதிரே வந்து நின்றபோது அவர் வாயில் பொய்தான் வந்தது.

"சும்மா வந்தேன் தங்கச்சி. கடுக்கா இருந்தா வாங்கலாமுன்னு."

"கடுக்கா வாங்கறவன் எதுக்கு அம்மாம் பெரிய மூட்டைய சொமந்துக்கினு வந்த? எறக்குண்ணே. எங்க போர்வ எங்க?"

"ஒங்களுக்குத்தான் வந்துடுச்சே."

"அது குடுத்தது. இது நாங்க சொன்னது."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் பின்னால் வீட்டுக்குள் போனார். அவள் மகள் ஷாலினி தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது. கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை இல்லாததால் சாமை பதராகப் போய்விட்டது. ராஜாம்பாள் பரண்மேல் கைவிட்டு ஒரு பழைய பெயின்ட் வாளியை இறக்கினாள். மூடியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பொன்னுரங்கம் தூக்கிப் பார்த்தார். கனத்தது.

"அறுத்ததும் மொதல்ல ஒன்னுத எடுத்து வச்சிட்டுத்தான் எங்களுக்கு ஒல வச்சோம். எப்பவும் அப்படித்தான்."

இத்தனை வருடம் அந்தச் சாமையைப் பையில் வாங்கிப் போனவர்தான். அது அதுவரை எங்கே இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகள் கிழங்கு தின்றிருக்கிறார்கள். வயிறு நிறைந்தவன் நாணயமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கயிற்றை அவிழ்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இனாமாக வந்த போர்வையே நல்ல சாக்காக இருந்திருக்குமே.

வெளியே வந்தார். முற்றத்தில் ஆளுக்கொரு வாளி, குடம், சாக்கு என்று கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திருவிழாக் கூட்டத்தில் சாமி முன்னால் கூட அவர் இப்படி நின்றதில்லை.

"பாதி குடுங்க, போதும். இந்த வருசம் ஒங்களுக்கே கம்மி" என்றார்.

ராஜாம்பாள் முகம் மாறியது. "ஏன், நாங்க இன்னா பாதிப் போர்வையா கேட்டோம்?"

யாரும் சிரிக்கவில்லை. பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. லாரியில் வந்தவர் நல்லவர்தான். ஆனால் எது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இவர்களும் நீட்டிய கையைத் தட்டக் கூடாது என்று வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு இவரும் தானியத்தைத் தள்ளிவிட்டால், ஒரே குளிரில் இரண்டாம் முறை அவர்களை இனாம் வாங்க வைத்ததாகும். இந்த மலையில் அவர்களைக் கைநீட்டாமல் நிற்க வைத்திருந்த ஒரே வியாபாரம் அவருடையது.

மூட்டையைப் பிரித்தார். வீட்டுக்கு வீடு போர்வையைக் கொடுத்தார். சாமையைக் கடைசி வாளிவரை சாக்கில் கொட்டிக்கொண்டார்.

"அடுத்த மார்கழிக்குப் போர்வ வாணாம்" என்றாள் ராஜாம்பாள். "அதான் ரெண்டு ஆயிடுச்சே. பொடவ எடுத்தாந்துடு."

"சரி தங்கச்சி" என்றவர், சாக்கைக் கட்டாமல் நின்றார். "பசிக்குது. ஓட்டலுக்குப் போவ வெள்ளிமலைக்குத்தான் நடக்கணும். சாமை என்னுது, ஆக்கற கை ஒன்னுது. இன்னா சொல்ற?"

அது ஒப்பந்தம், அதில் அவளுக்கு மறுக்க ஒன்றும் இல்லை. அவர் சாக்கில் கைவிட்டு அள்ளி அள்ளி முறத்தில் போட்டார். முறம் நிறைந்து ஓரத்தில் வழிந்தது.

"ஒரு ஆளுக்கா இம்மாம்?"

"மலை ஏறி வந்த பசி."

ராஜாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உலக்கையை எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் கேட்காமலே வந்து மாற்றிக் குத்தினார்கள், புடைத்தார்கள். வெந்த சாமையின் வாசனை முற்றமெங்கும் பரவியபோது பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து வேலியோரம் நின்றார்கள்.

பொன்னுரங்கம் நாலு வாய் தின்றுவிட்டுக் கை கழுவினார்.

"இன்னாண்ணே, மலை ஏறின பசின்னியே?"

"எறங்கவும் வேணுமில்ல? வயிறு கனத்தா கால் நிக்காது."

ராஜாம்பாள் பானையை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்து, ஷாலினியிடம் தட்டுகளை எடுத்துவரச் சொன்னாள்.