மிலான் ரயில் போகும் ஊரில் பண்ட வேஷம்

திருப்பதி கங்கம்மா கோயில் திருவிழாவான ஜாத்திரையில் வேஷம் போட வேண்டும் என்பது சின்ன வயதில் எனக்கு ஓயாத ஆசை. மாமா வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஊரான வரதய்யபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவோம். மாமா உடம்பெல்லாம் குங்குமம் பூசி, அதன்மேல் கரியாலும் சுண்ணாம்பாலும் பொட்டு வைத்துக்கொண்டு, பண்ட வேஷத்தில் தெருவில் இறங்கிக் குதிப்பார். அந்த வேஷம் போட்டவர் அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபப்படாமல் கும்பிட்டுவிட்டுப் போவார். அதில் கங்கம்மாவுக்கு மனம் குளிரும் என்பது நம்பிக்கை. பெரியவர்களைத் திட்ட அனுமதி கொடுக்கும் சாமி ஒன்று இருக்கும்போது எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்? ஆனால் மாமா தன் பையன்களுக்கு மட்டும்தான் குங்குமம் பூசுவார்.

"பொம்பள புள்ளைக்கு இன்னாத்துக்கு பண்ட வேசம்? நீ பாவாட கட்டிக்கினு ஆரத்தி தட்டப் புடி" என்று என்னை ஓரங்கட்டிவிடுவார்.

அந்த ஆசை கடைசியில் இத்தாலியில் நிறைவேறியது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்ரீ சிட்டியில், நான் நைனா என்று கூப்பிடும் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்குத் தலைமையிடம் அங்கே. எனக்கு எட்டு வயதானபோது அவரைக் குடும்பத்தோடு அனுப்பினார்கள். மிலானுக்கு ரயிலில் போய் வருகிறவர்கள் வாழும் ஒரு சின்ன ஊரில் வீடு. காலையில் ஸ்டேஷன் நிறைய ஆட்கள் நிற்பார்கள். ரயில் போனதும் ஊர் காலி. மதியம் கடைகளும் ஷட்டரை இறக்கிவிடும். வரதய்யபாளையத்திலும் விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் வந்து பாதி ஊரை அள்ளிக்கொண்டு போகத்தான் செய்யும். ஆனால் மிச்சமிருக்கும் பாதி, போனவர்களுக்கும் சேர்த்துச் சத்தம் போடும்.

"இன்னா ஊருடி இது, ஒரு நாய் கூட கொரைக்க மாட்டேங்குது" என்பாள் அம்மா.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த ஊரில் வரும்போதும் போகும்போதும் 'சாவ்' என்பார்கள். வணக்கம் என்று அர்த்தமாம். முதல் வாரம் நாங்கள் மூவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். குளிர் காலம் வந்தபின் அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவருகே நின்று 'சாவ்' என்றால் அம்மா முகம் மாறும். அப்போதெல்லாம் அவள் ஹால் சோபாவில் படுத்தே கிடந்தாள். சமையல், துணி துவைப்பது எல்லாம் நைனாதான். அம்மாவுக்கு ஊர் பிடிக்கவில்லை, அதனால் படுத்திருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் பள்ளியில் டீச்சர் ஒரு செய்தி சொன்னார். நான் படியேறி ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னேன்.

"அம்மா, சனிக்கிழம ஊர்ல பெரிய பண்டிகயாம். எல்லாரும் வேசம் போட்டுக்கினு வரணுமாம்!"

அம்மா சோபாவில் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னா வேசம்?"

"எது வேணா போடலாமாம்."

"இங்கயும் ஜாத்திரயா!" என்றாள். உடனே போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசினாள். நான் வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் நான் பார்த்து நாளான ஒரு வேகம்.

"பாப்பாக்கு பண்ட வேசம்" என்றாள் நைனாவிடம். நைனா உடனே சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினேன்.

சனிக்கிழமை காலை மாமா வீடியோவில் வந்துவிட்டார். திருப்பதியில் மதிய வெயில். இங்கே ஜன்னலில் பனி. வெற்றுடம்பில் பூசினால் குழந்தை விறைத்துவிடும் என்பதால், நைனாவின் வெள்ளை முழுக்கை பனியனை எனக்கு மாட்டி அதன்மேல் பூசினார்கள். ஊரிலிருந்து ஒரு வருஷத்துக்கென்று கொண்டுவந்த குங்குமம் முழுவதையும் அம்மா கிண்ணத்தில் கொட்டிக் குழைத்தாள்.

"கன்னத்துல பொட்டு பெருசா வெய்யிங்க மாப்ள" என்று மாமா போனுக்குள்ளிருந்து கத்தினார். "வேப்பெல எங்க?"

வேப்பிலைக்கு எங்கே போவது? நைனா கீழே இறங்கிப் போய் வேலியிலிருந்து கொத்தாக ஒடித்து வந்தார். அந்த ஊரில் பிரியாணி இலையை வேலியாக வளர்க்கிறார்கள். பிரியாணி மணக்க மணக்க நான் பண்ட வேஷத்தில் நின்றேன். படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி, உச்சி முதல் பாதம் வரை சிவந்திருந்த என்னைப் பார்த்து அலறி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதே பாதி ஜாத்திரை பார்த்த திருப்தி.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நானும் நைனாவும் போன ஊர்ச் சதுக்கத்தில் இளவரசிகளும் கொள்ளைக்காரர்களும் சிலந்தி மனிதர்களும் நிறைந்திருந்தார்கள். வண்ணக் காகிதத் துணுக்குகளை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். அத்தனை நாள் அந்த மனிதர்கள் சத்தத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ! முதலில் கூச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. நைனா கையிலிருந்த போனில் மாமா விடவில்லை.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? திட்டு கண்ணு! குதி!"

நான் எதிரே நின்ற சிலந்தி மனிதனிடம் கண்ணை மூடிக்கொண்டு தெலுங்கில், "ஒரேய் காடிதா!" என்றேன். கழுதை என்று திட்டியதற்கு அவன் மகிழ்ச்சியோடு "சாவ்!" என்று சொல்லி என் தலையில் காகிதத்தைக் கொட்டினான். அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. மாமாவிடம் கேட்டு வைத்திருந்த, அச்சில் ஏற்ற முடியாத எல்லாவற்றையும் அந்தச் சதுக்கத்தில் எடுத்துவிட்டேன். சுற்றி நின்று கை தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் நைனாவின் மேனேஜரும் கடற்கொள்ளைக்காரன் தொப்பியோடு தன் குழந்தைகளுடன் நின்றார். நைனா அவரைக் கண்டால் குனிந்து வணக்கம் சொல்லுகிறவர்.

"இன்னா மாப்ள, அவரு யாரு? உங்க ஆபீசரா? திட்டுங்க!" என்றார் மாமா.

நைனா என் கன்னத்துக் குங்குமத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் முகத்தில் பூசிக்கொண்டார். பிறகு குதித்தார். "ஒரேய் பந்தி வெதவா!" என்று பன்றியில் ஆரம்பித்து, நைட் ஷிஃப்ட்டிலிருந்து லீவு கொடுக்காதது வரைக்கும் தெலுங்கிலும் தமிழிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. நடுவில் அது ஒருமுறை உடைந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன். மேனேஜர் 'பிராவோ' என்று கூவி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்போது பார்த்துத் தூறல் போட்டது. குங்குமம் கரைந்து ஒழுகியது. குளிரில் நடுங்கிய என்னை டீச்சர் தூக்கி அணைத்தார். அவருடைய வெள்ளைக் கோட்டில் என் இரண்டு கையும் சிவப்பாகப் பதிந்தன. என்ன சொல்வாரோ என்று நான் அழத் தயாரானபோது அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். சர்க்கரை தூவிய, அப்பளம் மாதிரி பொரித்த பலகாரம் ஒரு பொட்டலம் என் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக் கதவைத் திறந்தால் அம்மா நின்றிருந்தாள். கையில் கற்பூரத் தட்டு. எங்கள் ஊரில் வேஷம் போட்டு வந்தவரை சாமியாகவே நினைத்துக் கும்பிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா என்னைக் கும்பிடுவாள் என்று தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ஈரம் சொட்டும் என் ஷூவைத் தொட்டாள்.

"குனியாத, டாக்டர் இன்னா சொன்னாரு" என்று நைனா பதறினார். அம்மா காதில் வாங்கவில்லை.

"கங்கம்மா, இந்த தடவ நல்லபடியா ஆவும்னு சொல்லு."

என் வாய் நிறையப் பலகாரம். அம்மா நாடகம் போடுகிறாள் என்று எனக்கு ஒரே சிரிப்பு.

"ஆவும், ஆவும், வுடும்மா" என்றேன்.

கோடையில் என் தங்கை அந்த ஊரில்தான் பிறந்தாள். அவளுக்கு முன்னால் பிறக்காமலே போனவர்களைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எது நல்லபடியாக ஆக வேண்டும் என்று அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள், மிச்சப் பலகாரத்தை நைனா எடுத்துவிடப்போகிறாரே என்று உள்ளே ஓடிவிட்டேன்.