புகைவண்டியின் மூளை

பைக் மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் மனைவியின் தம்பி என்றோ விளையாட்டாக வைத்த ‘புகைவண்டி’தான் தெருவில் ஒட்டிக்கொண்டது. பிரித்த வண்டியைப் பூட்டி, உதைத்துக் கிளப்புவார். எஞ்சின் உறுமுவதும் அவர் கை சிகரெட்டுக்காகச் சட்டைப்பைக்குள் போவதும் ஒன்றாக நடக்கும்.

மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியபோது, மனைவி அவரைக் கட்டி இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

“எனக்கு மன உறுதி கிடையாதுன்னு இவ சொல்றா டாக்டர். அதுக்கு மாத்திரை இருந்தா குடுங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “உறுதி மட்டும் விஷயமில்ல. மூளையில டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். ‘அது வேணும், எடு’ன்னு துரத்துறது அதுதான். இத்தனை வருஷப் பழக்கத்துல, எஞ்சின் சத்தம் கேட்டாலே சுரக்குது. நீங்க பத்தவைக்கிறதுக்கு முன்னாடியே.”

“அப்ப என் மூளைக்கு நான் முதலாளி இல்லையா?”

“வீட்டுலயும் இல்ல,” என்றாள் மனைவி.

சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கத் தோளில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பட்டை கிடைத்தது. எஞ்சின் கிளம்பியதும் கைக்கு வேறு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. முதல் சில நாட்கள் மெக்கானிக் கண்ணில் பட்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தார். அந்த நேரம் பார்த்து மச்சினன் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தான். அது உறுமியதும் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. அகப்பட்டதை எடுத்து உதட்டில் வைத்தது. புது ஸ்பார்க் பிளக்.

“மாமா, அது பத்தாது. கொஞ்சம் பெட்ரோல் ஊத்தட்டுமா?”

அடிக்க ஓங்கிய கையோடே அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் மழை பெய்து வேலை இல்லாத ஒரு மாலையில், டீக்கடையில் யாரோ நீட்டிய சிகரெட்டை வாங்கிவிட்டார். மறுநாள் மனைவிக்குத் தெரியாமல் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

“எல்லாம் போச்சு டாக்டர்.”

“ஒண்ணும் போகல. பழைய பாதை மூளையில கிடக்கத்தான் செய்யும். ஒரு நாள் அதுல கால் வச்சதுக்காக, நீங்க போட்ட புதுப்பாதை அழிஞ்சிடாது. நேத்து எது உங்களை இழுத்துச்சு, அதைப் பாருங்க.”

அவர் டீக்கடையை மாற்றினார். தூரம் அதிகம், டீயும் சுமார்தான், ஆனாலும் மாற்றினார். மெல்ல மெல்ல இருமல் விட்டது. எஞ்சின் உறுமும்போது கை கந்தல் துணியைத் தேடிப் பழகியது.

கூடவே, புகையில் மரத்துக்கிடந்த நாக்கும் விழித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உப்பு கூடவா இருக்கே?”

“கல்யாணமான நாள்லேர்ந்து இதே உப்புதான். பிரமாதம்னு தட்டை வழிச்சீங்களே!”

அவள் ஒரு வாய் அள்ளிப்போட்டுப் பார்த்தாள். கூடத்தான் இருந்தது. “நாக்கையும் அந்த டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்று முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் உப்பு அளவாக இருந்தது. அவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.