சொன்ன இடத்தில் நின்ற ஆட்டோ

ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் கழித்து எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. காலை ஏழு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கண்டுபிடித்தது அம்மா. அதன் பிறகு நான் வலி என்று சொன்னால் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் வலி பொய்யில்லை. அதை எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது நாங்கள் நாகல் நகரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா லோடு வேன் ஓட்டினார். சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வர விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். அப்பாவின் தம்பி எங்களோடு இருந்தார். கல்யாணமாகாதவர், சொந்த ஆட்டோ. காலையில் எட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடத்தில் விடுவார். எட்டில் ஒன்று நான்.

அதுவரை நான் படித்தது பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியில். எல்லா வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர்கள். புதுப் பள்ளியில் என் வகுப்பில் மட்டும் அறுபது பேருக்கு மேல். காலை வழிபாட்டுக்கு மைதானம் நிறைந்துவிடும். ஒருநாள் அந்த வரிசையில் எனக்குக் கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள் நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் நாளைக்கும் அப்படி ஆனால் என்ன செய்வது என்று அன்று மாலையே நினைக்கத் தொடங்கினேன். அந்த நினைப்பு நிற்கவில்லை. ஆட்டோ மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கை சில்லிட்டுப்போகும்.

இதை வீட்டில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அப்பாவுக்கோ ஒரு ஆள் தேவைப்பட்டது.

"எவன் என்ன சொன்னான்? பேரச் சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

யாருமில்லை என்றால் நம்பவில்லை. மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் தாங்க முடியாமல் கணக்கு டீச்சர் அடித்தார் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கு அதுவரை என் பெயர்கூடத் தெரியாது. அப்பா போய் வராந்தாவில் நின்று சத்தம் போட்டுவிட்டு, வேலையை முடித்தவரின் நிம்மதியோடு திரும்பி வந்தார். அதுவரை பள்ளிக்கூடத்தில் நான் பயப்படும்படி எதுவும் இல்லை. இப்போது இருந்தது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒரு இளம் டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு அம்மாவையும், எங்களை ஆட்டோவில் கூட்டி வந்திருந்த சித்தப்பாவையும் உள்ளே அழைத்தார்.

"வயித்துல ஒன்னும் இல்லம்மா. பிள்ளைக்குப் பயம். வலி நெஜந்தான், நடிக்கல. இழுத்துட்டுப் போகாதீங்க. அதுக்காக வீட்லயே வச்சுக்கவும் கூடாது. கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குங்க."

வயிற்றில் ஒன்றுமில்லை என்பது மட்டும் அம்மாவின் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் முதுகில் இரண்டு வைத்தாள். பயம் என்பதைச் சித்தப்பா சொல்லக் கேட்ட அப்பா, கன்னிவாடியில் யாரிடமோ போய்க் கயிறு மந்திரித்து வாங்கி வந்தார். கயிறு கட்டிய மறுநாள் வேனுக்குப் போகாமல் என்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாட்ச்மேன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. முதல் மணி அடித்து, மைதானத்தில் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பாவே என்னை இறக்கிவிட்டுத் தெருவோரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யூனிபார்மைத் தொடவே இல்லை. மூன்றாம் வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. இப்படியே போனால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்றார்கள். அம்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைக்காமல் அழுதாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, பள்ளிச் சவாரியெல்லாம் முடிந்து சித்தப்பா வந்தார்.

"பாப்பா, சும்மா வாரியா? பாலத்து மேல வரைக்குந்தான். அந்தப் பக்கம் எறங்க மாட்டேன்."

பாவாடை சட்டையோடு போனேன். சொன்னபடி மேம்பாலத்தின் உச்சியில் ஓரமாக நிறுத்தினார். கீழே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் திரும்பிவிட்டோம். அடுத்த நாளும் அதுவே. மூன்றாம் நாள், பாலம் இறங்கி முதல் டீக்கடை வரை. எங்கே போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவார். அதற்கு மேல் வண்டி ஒரு அடி நகராது. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடை வரை போன அன்று எனக்கு வலி வந்தது. அவர் வண்டியைத் திருப்பவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

"செத்த நேரம் இரு. அதுவாப் போகுதான்னு பாப்போம்."

போய்விட்டது. அது போகும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. உற்சாகத்தில் கேட் வரைக்கும் போகலாம் என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"இன்னைக்கு இம்புட்டுத்தான் பேச்சு."

எனக்குக் கோபம்கூட வந்தது.

வீட்டில் இது யாருக்கும் பிடிக்கவில்லை.

"பள்ளிக்கூடம் போகாததுக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்க தம்பி. இப்பிடிச் செல்லங் குடுத்தா உருப்படுமா?" என்றாள் அம்மா.

"பாப்போம் மதினி" என்றார் சித்தப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அடுத்த வாரம் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போனோம். அதற்கடுத்து உள்ளேதான் போக வேண்டும். அதற்குத் தலைமையாசிரியையைப் பார்த்துப் பேச வேண்டும். அப்பா அந்தக் கேட்டின் முன்னால் இனி நிற்க முடியாது என்றார். அம்மா, கணக்கு டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். மிச்சமிருந்தது சித்தப்பா.

மற்ற ஆட்டோக்காரர்கள் சின்னப் பிள்ளைகளின் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வரைக்கும் போவார்கள். சித்தப்பா போனதே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியை அறைக்கு வெளியே யாருமே செருப்பைக் கழற்றியிருக்கவில்லை, அவர் கழற்றினார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"பிள்ளைக்கு நீங்க யாரு?"

"சித்தப்பா டீச்சர்." பிறகு அவராகவே, "அது டீச்சரு... அடிக்கல, கணக்கு டீச்சரு. பிள்ள பயத்துல சொல்லிருச்சு. கடைசி பீரியடு மட்டும்... கதவுகிட்ட உக்காரட்டும். நான் வெளிய வண்டியிலதான் இருப்பேன்."

நான் சொன்னது பொய் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று அவரும் சொல்லவில்லை. தலைமையாசிரியை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினைந்து நாள் பார்க்கலாம் என்றார். சித்தப்பா "சரிங்க டீச்சர்" என்று மூன்று முறை சொன்னார்.

அன்று கடைசி பீரியடு கணக்கு. டீச்சர் என்னைப் பார்த்தார், கதவோரத்து பெஞ்சைக் காட்டினார். "உக்காரு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. அப்போது டீச்சர் "பேர் என்ன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஒரு பீரியடு இரண்டானது, பிறகு மதியத்துக்கு மேல் முழுவதும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து நான்கு நாள் வீட்டில் இருந்தேன், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மறுபடியும் பாலத்திலிருந்து தொடங்கினோம். அரையாண்டுத் தேர்வின்போது நான் முழு நாளும் வகுப்பில் இருந்தேன். சித்தப்பாவின் வண்டி வாசலில் நிற்பது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் எட்டிப் பார்க்க மறந்திருப்பேன். இப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். புது இடம் என்றால் இன்றைக்கும் வயிறு கொஞ்சம் பிசையும். போய்விடும் என்று தெரியும்.

போன வருஷம் வேறு ஏதோ பேச்சில் அப்பா சொன்னார். சித்தப்பாவும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாராம். அவருக்கும் காலையில் வயிற்றுவலி வருமாம். அவரை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு பெரிய பையன்களை அனுப்பிக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வரச் சொல்வார்களாம். சில நாள் அந்த நால்வரில் ஒருவராக அப்பாவும் இருந்திருக்கிறார். ஒரு வருஷம் இப்படிப் போய், ஏழாவதோடு அவர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். "அவனுக்குப் படிப்பு ஏறலன்னு நெனச்சோம்" என்றார் அப்பா.

அன்று நானும் சித்தப்பாவும் தலைமையாசிரியை அறையிலிருந்து வெளியே வந்தபோது வராந்தாவில் பீரியடு மணி அடித்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வலித்தன. உள்ளங்கை முழுக்க ஈரம்.

"ஒன்னுமில்ல சித்தப்பா. பீரியடு பெல்லு" என்றேன்.

"அப்பிடியா" என்றார்.

தினமும் வாசலில் நின்று கேட்கிற மணிதான். உள்ளே நின்று கேட்டால் சத்தம் கூடுதலாக இருக்கும், அதனால்தான் திடுக்கிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.