மீன் மசாலாவும் புரட்டாசியும்

பெரிய பேரன் பாரீசுல வேலை பாக்கறான். சின்னவன் கேரம்ல கப்பு ஜெயிச்சான். பேத்தி தீபாவுக்கு மேட்டுப்பாளையம் மசாலா கம்பெனியில வேலை. எதுல லாபம், எதுல நஷ்டம்னு சொல்ற சாஃப்ட்வேருக்குக் கணக்கை எப்படியெல்லாம் பிரிக்கணும்னு அவதான் முடிவு பண்ணணும்.

பொருள், ஊர், இங்கிலீஷ் மாசம்னு பிரிச்சிருந்தா. போன வருஷம் செப்டம்பர், அக்டோபர் ரெண்டுலயும் மீன் மசாலா நஷ்டம். பம்பாய் முதலாளி அதை நிறுத்திடலாம்னுட்டாராம்.

இன்னைக்கு மதியம் சாப்பிட வந்தவ, "மீன் கொழம்பு எங்க ஆயா?"ன்னா.

"இன்னைக்குப் புரட்டாசி பொறந்துடுச்சுடி. இனிமே ஐப்பசியிலதான்."

பாதி சோத்துல எழுந்து ஓடிட்டா.

தமிழ் மாசத்தையும் ஒரு பிரிவா சேர்த்தாளாம். நஷ்டம் மொத்தமும் புரட்டாசியில, மத்த மாசமெல்லாம் லாபம். இந்த மாசம் மட்டும் கம்மியா அரைச்சா போதும்னு முதலாளி ஒத்துக்கிட்டாராம்.

தீபா, இந்தக் குடும்ப ஆல்பத்துல இருக்கிறது நீ பிளஸ் டூ படிச்சப்ப எடுத்த போட்டோ. மீன் மசாலா பாக்கெட்டோட புதுசா ஒண்ணு எடுத்துப் போடு. வாசல்லயே நின்னு எடு, ஐப்பசி வரைக்கும் அது வீட்டுக்குள்ள வரக்கூடாது.