லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன்

எழுபதுகளின் கடைசியில் நான் சிங்கப்பூரில் ஒரு நீரிழிவு கிளினிக்கில் தாதி. நோயாளிகள் எல்லாருக்கும் நான் 'மிஸி'. அந்தக் காத்திருப்புக் கூடத்தை நினைத்தாலே இன்றைக்கும் கண் சொருகுகிறது. மெதுவாகச் சுற்றும் காற்றாடி, மருந்து நெடி, தேக்காவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களின் தலையில் மல்லிகை. மழை பிடித்துக்கொண்டால் கூடமே தண்ணீருக்குள் இறங்கியதுபோல் இருக்கும். பெயர் கூப்பிடும் என் குரலே எனக்கு வேறு யாரோ கூப்பிடுவதாகக் கேட்கும்.

அந்த வருடம் சமூக சேவை அதிகாரி ஒரு தாளை நீட்டினார். மருந்து கொடுத்தால் மட்டும் போதாதாம், வீட்டு நிலவரமும் விசாரிக்க வேண்டுமாம். கூட யார் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், ஐஸ்பெட்டி உண்டா, லிஃப்ட் உண்டா. எனக்கு எரிச்சலான எரிச்சல். இருக்கிற வேலையே தலைக்கு மேல் கிடந்தது. வரிசை நகர்ந்தால் போதுமென்று படபடவென்று கேட்டு டிக் போட்டுத் தள்ளினேன்.

அப்படித் தள்ளியவர்களில் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை, தோ பாயோ பேட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கிளினிக்குக்கும் கோயிலுக்குப் போகிற மாதிரிதான் வருவார், ஜரிகைக் கரைச் சேலையும் விபூதியுமாக. கால் பெருவிரலுக்கு அடியில் புண்.

"வீட்டுக்கு லிஃப்ட் இருக்காக்கா?"

"இருக்கு மிஸி."

டிக்.

புண் ஆறவில்லை. காலை ஊன்றி நடந்தால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நான் அதைத் தமிழில் சொன்னேன். அடுத்த முறை கட்டைப் பிரித்தால் அதே ஈரம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களா? அப்படி எங்கதான் ஊர் சுத்துறீங்க?"

"மார்க்கெட்டுக்கு மட்டும்தான் மிஸி" என்று சிரித்தார். புளுகுகிறார் என்று நினைத்தேன்.

நானும் தோ பாயோதான். ஒரு ஞாயிறு மாலை, எதிர் புளோக்கில் ஆறாம் மாடியிலிருந்த தோழியைப் பார்க்கப் போனேன். அந்நாளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. என் வீடு நிற்கிற மாடியில் இருந்ததால் அது என் நினைப்பிலேயே இல்லை. ஐந்தில் இறங்கிப் படியேறினேன். மழை விட்டு, படிக்கட்டெல்லாம் மஞ்சள் வெளிச்சம். நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மார்க்கெட் கூடை. கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி மேல்படியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே! லிஃப்ட் இருக்குன்னீங்களே?"

"இருக்கே மிஸி. எங்க ஏழாவது மாடியில நிக்காது லா. நீங்க அதைக் கேக்கலியே."

கூடையை வாங்கிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை அந்த டிக்கின் மேல் கோடு கிழித்து, விவரத்தை எழுதி, அதிகாரி கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாற்று வீடு கிடைக்கச் சில மாதங்கள் ஆயின.

அதன்பின் அவர் வந்தபோது அதே ஜரிகைச் சேலை.

"இப்ப லிஃப்ட் வாசலுக்கே வருது மிஸி. வெரல்தான் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

நான் அவர் காலருகே குனிந்தவள் நிமிரவே இல்லை. கண்ணீர் என் கையில் சொட்டியது. அவர் என் தலையைத் தொட்டார்.

"அடுத்த ஆளைக் கூப்பிடுங்க மிஸி. பாவம், எவ்வளவு பேர் காத்திருக்காங்க."