வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த ஆப்பிள்கள்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்த வாடகை வீட்டுக்கு வந்து நாலு வருடமாகிறது. தோட்டத்தில் நின்றிருக்கிறேன், குனிந்திருக்கிறேன், ஓடியும் இருக்கிறேன் – கொடியில் உடுப்புக் காயும்போது மழை வந்தால் ஓடாமல் என்ன செய்வது? ஆனால் உட்கார்ந்ததில்லை.

அன்றைக்கு உட்காராமல் இருக்க முடியவில்லை. இந்த லண்டன் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சம்மர் என்று பெயர் வைத்த மூன்று மாதமும் குடையோடு திரிந்தோம். பள்ளிக்கூடங்கள் திறந்து, கடைகளில் குளிர்கால கோட்டுகள் தொங்கத் தொடங்கிய பிறகு... அடிக்கிறது வெயில்! அதுவும் சுடாத வெயில். தோளில் கை போட்டுக் கதைக்கிற மாதிரி ஒரு வெயில். புல்லில் இன்னும் ஈரம். வேலி மூலையெல்லாம் சிலந்தி வலை. பாத்தியில் என் தக்காளிகள் பாதி பச்சை, பாதி சிவப்பு – பழுப்பதா, இப்படியே இருந்துவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

மனைவி இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு அன்று லீவு. எனக்கும் பாண் சுடுகிற ஃபாக்டரியில் ஷிப்ட் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு, அதே நாளில் வெயில். இப்படி எல்லாம் சரியாக அமைந்தால் எனக்கு உடனே பயம் வந்துவிடும். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே.

எங்கள் தலைக்கு மேலே ஒரு பெரிய ஆப்பிள் கிளை. மரம் எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டு மிஸஸ் ஹார்வியுடையது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக வாழ்கிறார். மரம் அவர் பக்கம் நிற்கிறது. ஒரு கிளை மட்டும் வேலியைத் தாண்டி வந்து எங்களுக்கு நிழல் தருகிறது.

தொப்பென்று ஓர் ஆப்பிள் புல்லில் விழுந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"இருங்கோ! ஆப்பிள்தானே விழுந்தது? குண்டு விழுந்த மாதிரித் துள்ளுறியள்."

"பையை எடுத்துக்கொண்டு வாறன்."

"நாலு வருசமாய் இதே வேலை. அந்த மனுசி ஒருநாளாவது கேட்டவாவோ?"

பையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் செப்டம்பரில், தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் காதலிங்கம் அண்ணையைச் சந்தித்தேன். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. எங்களுக்குப் பத்து வருடம் முந்தி லண்டனுக்கு வந்தவர். ஆகவே சட்டம் முழுவதும் தெரிந்தவர்! பக்கத்து வீட்டு ஆப்பிள் எங்கள் பக்கம் விழுகிறது, எடுத்துச் சாப்பிடலாமா என்று சும்மா கேட்டேன்.

அவர் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, கவனம்! மரம் ஆரின்ரையோ பழமும் அவையின்ர. உன்ர வளவுக்க விழுந்தாலும் தொடப்படாது. இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி. அந்தக் கிழவி போலீசுக்கு ஒரு போன் அடிச்சால் உன்ர கேஸ் துலைஞ்சுது."

அப்போது எங்கள் இமிக்ரேஷன் கேஸ் முடியவில்லை. தபால்காரர் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே எனக்கு வியர்க்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் சட்டத்தோடு வாதாட முடியுமா? அன்று முதல் விழுந்த ஒவ்வோர் ஆப்பிளையும் பொறுக்கி, துடைத்து, பையில் போட்டு, வேலைக்குப் போகும் வழியில் மிஸஸ் ஹார்வியின் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவேன். மணி அடிப்பதில்லை. அடித்தால் கதவைத் திறப்பார், திறந்தால் இங்கிலீஷ் பேசுவார்...

பிறகு விசா கிடைத்தது. கேஸ் முடிந்தது. பை மட்டும் நிற்கவில்லை. விசா வந்த கையோடு பயமும் போய்விடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். தேநீர் பாதி முடிந்திருக்கும். வேலிக்கு மேலே ஓர் ஏணி எழுந்து வந்தது. அதன் பின்னால் ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே தாடி வைத்த ஓர் ஆள். அவர் கையில் மரம் அரியும் வாள்.

அவர் நேரே எங்கள் தலைக்கு மேலிருந்த கிளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நாலைந்து ஆப்பிள் விழுந்தது.

"இஞ்சேரும், எங்கட கொப்பை வெட்டப் போறான்!"

"எங்கட கொப்போ?" என்றாள் மனைவி. "இவ்வளவு நேரமும் அது மிஸஸ் ஹார்வியின்ர கொப்பு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிளை போனால் என்ன மிச்சம்? ஒரு வேலி, ஒரு கொடிக்கயிறு, பின் தெருக் கட்டடங்களின் முதுகு. ஏப்ரல் மாதத்தில் சமையலறை ஜன்னலை மறைத்துக்கொண்டு அது பூக்கும்போது, ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது எங்களுடையது அல்ல என்பதில் கவனமாக இருந்தேனே தவிர, அது இல்லாமல் போகும் என்று ஒருநாளும் பயந்ததில்லை. எதற்கெல்லாமோ பயந்தவன், பயப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்!

"போய்ச் சொல்லுங்கோ, வெட்ட வேண்டாமெண்டு."

"நீர் சொல்லும். உமக்குத்தான் இங்கிலீசு வரும்."

"நான் சொல்ல மாட்டன். கொப்பு வேணுமெண்டால் நீங்கள் வாயைத் திறவுங்கோ."

மரம் மிஸஸ் ஹார்வியுடையது. வாளும் அவர் கூப்பிட்ட ஆளுடையது. என்ன உரிமையில் பேசுவது? கோபித்துக்கொண்டால்? வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிட்டால்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாள் கிளையைத் தொட்டது. கர்... என்றது. மரத்தூள் கொட்டி என் தேநீரில் மிதந்தது.

"நோ!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நோ கட்! ப்ளீஸ்! குட் ட்ரீ! வெரி வெரி குட் ட்ரீ!"

வாள் நின்றது. வேலிக்கு மேலே மிஸஸ் ஹார்வியின் தலை தெரிந்தது – ஏதோ வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும். அவர் படபடவென்று பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. மீதியை மனைவி பிறகு விளக்கினாள்.

"உங்களுக்காகத்தானே வெட்டச் சொன்னேன்! விழுந்த ஒவ்வோர் ஆப்பிளையும் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறீர்கள். முதல் வருடம் நன்றி என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் யோசித்தேன். மூன்றாம் வருடம் புரிந்துகொண்டேன். பாவம், இவர்கள் வாய் திறந்து குறை சொல்லத் தெரியாத மனிதர்கள். என் மரம் இவர்கள் புல்லைக் கெடுக்கிறது, அதைத்தான் பையில் போட்டுச் சொல்கிறார்கள் என்று. இது என் கணவர் நட்ட மரம். வெட்ட எனக்கு மனமே இல்லை. ஒரு வாரமாக நித்திரை இல்லை."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வேலியருகே போய் மெதுவாக ஏதோ சொன்னாள். இரண்டே வசனம். மிஸஸ் ஹார்வி விழுந்து விழுந்து சிரித்தார். வாளி ஆடியதில் உண்மையாகவே விழப் பார்த்தார். ஏணியில் நின்றவர்தான் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னனீர்?"

"இவருக்கு உங்கட மரத்தோட கோவமில்லை, உங்களைக் கண்டுதான் பயம் எண்டன்."

யோசித்துப் பாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அவர், எனக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று வாளோடு ஆளைக் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரின் நல்ல குணமும் சேர்ந்து, நடுவில் நின்ற மரத்தை அல்லவா விழுத்தப் பார்த்தது! ஒரு 'குட் மோர்னிங்' சொல்லி மணியை அடித்திருந்தால் நாலு வருடத்துக்கு முந்தியே முடிந்திருக்கும்.

தாடிக்காரருக்கும் தேநீர் கொடுத்தோம். வாளை வைத்துவிட்டேனே என்று அவர்தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கிளையில் ஒரு விரலளவு வெட்டு. காயம் ஆறிவிடும் என்றார்.

மிஸஸ் ஹார்வி கிளையிலிருந்தே ஓர் ஆப்பிளைப் பறித்து வேலிக்கு மேலால் நீட்டினார். என் வாழ்க்கையில் அந்த மரத்துப் பழத்தைக் கடித்தது அதுதான் முதல் தடவை. அம்மாடி, என்ன புளிப்பு! ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சமையலுக்கு மட்டும் பாவிக்கிற சாதியாம். ஆனால் அந்தப் புளிப்பு நாக்குக்குப் புதிதாகப் படவில்லை.

"இஞ்சேரும், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் இது அப்பிடியே உம்மட மாங்காய் அச்சாறு மாதிரி இருக்கும் போல."

மனைவி வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"மாதிரி என்ன மாதிரி? அதுதான் இது. லண்டனில வருசா வருசம் செப்டம்பரில எனக்கு ஆர் மாங்காய் தாறது? காலமை விழுந்தது உங்கட பைக்கு. நீங்கள் வேலைக்குப் போன பிறகு விழுந்தது என்ர சட்டிக்கு."

ஆக, ஒவ்வொரு செப்டம்பரிலும் காலையில் நான் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டில் தடயத்தைச் சோற்றோடு பிசைந்து, இன்னும் கொஞ்சம் போடும் என்று கேட்டும் வாங்கியிருக்கிறேன்!