பலகையில் எழுதிய சொல்

பார்சல் ஆபீஸ் கணக்கருக்கு 'டிக்ஷனரி' என்று பெயர் வைத்தவர் லாரி டிரைவர். கிண்டலுக்குத்தான் வைத்தார், மனிதர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். லாரி நம்பர் எழுதும் கரும்பலகையின் மூலையில் தினம் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதி வைப்பார். யாருக்கும் தெரியாத சொல்லாகத் தேடிப் பிடிப்பார். மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்ததும் விளக்கம் ஆரம்பமாகும். தப்பவும் முடியாது, சாப்பிட்டாக வேண்டுமே.

அன்று எழுதியது 'குரோக்'.

"ஸ்காட்லாந்துக்காரங்க பழைய பேச்சு. எதிலேருந்து வந்துச்சுன்னு உறுதியா தெரியல. ஒருத்தர் சாப்பிடறப்போ, நமக்கும் கொடுக்க மாட்டாங்களான்னு வாயைத் திறக்காம பாத்துக்கிட்டே இருக்கறது. நாயைச் சொல்வாங்க, குழந்தையைச் சொல்வாங்க."

"பெரியவங்களைச் சொல்லலாமா?" என்றார் டிரைவர்.

டிக்ஷனரிக்கு வாய் சும்மா இருந்தால்தானே! "ஏன், நம்ம சாக்குக்காரர் தினம் பண்றது என்ன?" என்றார்.

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த சாக்கு தைக்கிறவரும் சிரித்தார். 'வீட்லயே சாப்பிட்டாச்சு' என்று தினமும் சொல்லிவிட்டு, பேச்சுத்துணைக்கு வந்து உட்காருகிறவர். சற்று நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மதியம் பெஞ்சின் ஓரம் காலி.

"அவர் சம்சாரம் படுத்த படுக்கையா கெடக்கறாங்க சார். மதியத்துக்கு வீட்ல ஒண்ணும் இருக்காது. சிரிச்சப்புறம்தான் எனக்கே உறைச்சுது" என்றார் டிரைவர், தலையைத் தூக்காமல்.

டிக்ஷனரி டிபன் பாக்ஸை மூடினார். ஸ்காட்லாந்து சமாசாரமெல்லாம் தெரிந்தவருக்கு எதிர்ப் பெஞ்சு சமாசாரம் தெரியவில்லை, நல்ல படிப்பு! எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனார். சாக்குக்காரர் முதுகைக் காட்டியபடி ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

"சாப்பிட்டாச்சு சார்."

மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் வந்தார், நாக்கு எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த முகம் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பாதா என்று பாக்ஸும் கையுமாக நின்றுகொண்டே இருந்தார்.

சணலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சாக்குக்காரர் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏன் சார் ஒண்ணும் பேசாம பாத்துக்கிட்டே நிக்கறீங்க? போய்ச் சாப்பிடுங்க" என்றார்.